பாடி ப்ரொஃபைலுக்கு நூறு நாள் போதாது

தென் கொரியாவில் ஜிம்முக்குப் போகும் இருபது, முப்பது வயதுக்காரர்களிடம் எதற்காக இவ்வளவு கடுமையாக டயட் இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பாடி ப்ரொஃபைல்" என்ற பதில் அடிக்கடி வரும். ஸ்டுடியோவில் ஒரு தேதியைப் பதிவு செய்து முன்பணம் கட்டிவிடுவார்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணி, கொழுப்பைக் குறைத்து, தசைக் கோடுகள் எடுப்பாகத் தெரியும் நாளில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். ஒரு காலத்தில் போட்டிக்குப் போகும் பாடி பில்டர்களும், ஆள் பிடிக்க வேண்டிய பயிற்சியாளர்களும் மட்டும் எடுத்துக்கொண்ட படம் இது. கொரோனாக் காலத்துக்குள் அலுவலக ஊழியர், நர்ஸ், கல்லூரி மாணவர் என்று எல்லோருடைய ஆசைப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

ஆசையில் தப்பில்லை. கணக்கில்தான் தப்பு. இதற்கு வழக்கமாக வைக்கும் நூறு நாள் என்ற கெடு உடம்பைப் பார்த்து வைத்ததல்ல. பயிற்சித் தொகுப்பு விற்கவும் சமூக ஊடகத்தில் நாள் எண்ணவும் வசதியாக இருப்பதால் நிலைத்த எண் அது. அந்தக் கெடுவுக்குள் முடிக்க நினைக்கும்போதுதான் மாதவிடாய் நிற்பது, முடி கொட்டுவது, படம் எடுத்த மறுநாள் கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது எல்லாம் தொடங்குகின்றன.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 60 கிலோ எடை, 28 சதவீதம் கொழுப்பு உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உடம்பில் கொழுப்பு 16.8 கிலோ, கொழுப்பு நீங்கலான எடை 43.2 கிலோ. படத்தில் வயிற்றின் நடுவே இரண்டு நேர்க்கோடுகள் தெரிய வேண்டுமென்றால் 18 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்பார்கள். தசை துளியும் குறையாமல் அங்கே போனாலும் எடை 52.7 கிலோவாக வேண்டும், அதாவது 7.3 கிலோ கொழுப்பு கரைய வேண்டும். ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி என்று வைத்தால் மொத்தம் 56,000 கலோரி. நூறால் வகுத்தால் தினமும் 560 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. 370-உடன், கொழுப்பு நீங்கலான எடையை 21.6-ஆல் பெருக்கிக் கூட்டினால் ஓய்வில் உடம்பு செலவழிக்கும் கலோரி கிடைக்கும், இவருக்கு 1,300. நடமாட்டம், உடற்பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,950 என்று வைப்போம். 560 போனால் சாப்பாடு 1,390. அதில் 300 கலோரி உடற்பயிற்சிக்கே போய்விடுகிறது. மீதி 1,090-ஐ 43.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 25 கலோரி. இதயம், கல்லீரல், ஹார்மோன், எலும்பு எல்லாம் ஒழுங்காக ஓட இருப்பது அவ்வளவுதான். பெண்களுக்கு இது 30-க்குக் கீழே வாரக்கணக்கில் நீடித்தால் மாதவிடாய் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு அறிந்த எல்லை. ஆளுக்கு ஆள் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் நிறைய ஜிம்களில் எழுதிக் கொடுக்கும் 1,000 கலோரிப் பட்டியலையும், காலையும் மாலையுமாக 400 கலோரி உடற்பயிற்சியையும் இதில் போட்டுப் பாருங்கள். மிஞ்சுவது கிலோவுக்கு 14 கலோரி. பட்டினிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

30 என்ற எல்லையை மதித்து நடந்தால் இவர் தினமும் 1,600 கலோரி சாப்பிட வேண்டும், பற்றாக்குறை 350. நூறு நாளில் நாலரைக் கிலோ குறையும், கொழுப்பு 22 சதவீதத்தில் நிற்கும். 18-க்குப் போக 23 வாரம் வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு வாரம் முழுச் சாப்பாட்டுக்குத் திரும்ப இடைவெளி விட்டால் ஆறு மாதம். ஸ்டுடியோ தேதியை முதலில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். நான்கு சதவீதத் தொலைவுக்குள் வந்த பிறகு தேதி எடுத்தாலே போதும்.

பாடி ப்ரொஃபைல் திடீரென்று முளைத்ததல்ல. 2003-இல் ஜங் தா-யான் என்ற, இரண்டு பிள்ளை பெற்ற, நாற்பதை நெருங்கிய இல்லத்தரசியின் படங்கள் இணையத்தில் பரவி, "மொம்ஜாங் அஜும்மா" (கட்டுடல் அம்மா) என்று நாடே பேசியது. கட்டான உடம்பு நடிகைகளுக்கு மட்டும் என்றிருந்த எண்ணத்தை உடைத்த படங்கள் அவை. பிறகு ஆண் பாடகர் குழுக்கள் சட்டையைக் கிழித்து வயிற்றுத் தசையைக் காட்டிய காலம், பெண்களுக்கு இடுப்பு வளைவு, அடுத்து வயிற்றுக் கோடு, அடுத்து நேர்கோணத் தோள் என்று உறுப்பு உறுப்பாக ஆசை மாறியது. 2023 ஜனவரியில் வந்த 'பிசிக்கல்: 100' போட்டியில் மல்யுத்த வீராங்கனை ஜாங் உன்-சில் ஓர் அணியையே தலைமையேற்று நடத்தியதைப் பார்த்தபோது, அகன்ற முதுகும் பருத்த தொடையும் பெண்ணுக்கு அழகில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. அந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் மெலிவு மோகம் போய்விடவில்லை. இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து ஓடுகின்றன. உயரத்திலிருந்து எடையைக் கழித்தால் 120 வர வேண்டும் என்றொரு அளவுகோல் பதின்வயதுப் பெண்களிடம் சுற்றுகிறது. 160 செ.மீ. உயரத்துக்கு 40 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 15.6. ஆசியர்களுக்கு 23 வரை இயல்பான எடை என்று வைத்திருக்கும் நாட்டில், கீழ் எல்லையான 18.5-க்கும் எவ்வளவோ கீழே இருக்கிறது இது. பசியை அடக்க, பட்டாம்பூச்சி வடிவத்தில் வரும் ஃபென்டர்மின் மாத்திரை, 2024 அக்டோபரில் கொரியாவுக்கு வந்த வெகோவி எடைக் குறைப்பு ஊசி ஆகியவற்றையும் இந்த எடைக்காரர்கள் தேடுகிறார்கள். வெகோவிக்கு அங்கே வைத்த வரம்பு பி.எம்.ஐ. 30, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை உடன் இருந்தால் 27. படத்துக்காக வயிற்றைக் குறைக்க வந்த மருந்தல்ல அது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பாடி ப்ரொஃபைல் தட்டு எல்லோருக்கும் ஒன்றுதான்: 100 கிராம் கோழி நெஞ்சுக்கறிப் பொட்டலம் ஒன்று, வேகவைத்த சக்கரைவள்ளிக்கிழங்கு 100 முதல் 150 கிராம், செர்ரித் தக்காளி, ப்ரோக்கோலி. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை இதுவே. ஒரு பொட்டலத்தில் 22 அல்லது 23 கிராம் புரதம், ஆகவே புரதத்துக்குக் குறையில்லை. குறை கொழுப்பில்தான். நாள் முழுவதும் சாப்பிட்டாலும் 10 கிராம் கொழுப்பு தேறாது. ஹார்மோன் உற்பத்திக்கும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடம்பு ஈர்த்துக்கொள்வதற்கும் அது போதாது. பித்தப்பை சுருங்கி விரிய வேலையில்லாமல் பித்தம் தேங்குகிறது. எடை வேகமாகக் குறையும்போது பித்தக்கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது வாரத்தில் மலச்சிக்கல், ஐந்தாவது வாரத்தில் கைகால் சில்லிடுவது, இரண்டு மூன்று மாதத்தில் குளிக்கும்போது கொத்தாக முடி வருவது என்று வரிசையாக வரும்.

சரிசெய்வது எளிது. கிலோவுக்கு 0.8 கிராம் கொழுப்பு, அதாவது 60 கிலோவுக்கு 48 கிராம். முழு முட்டை இரண்டு, கானாங்கெளுத்தி ஒரு துண்டு, கொட்டை வகைகள் 20 கிராம், காய்க்கு மேல் ஒரு மேசைக்கரண்டி பெரில்லா விதை எண்ணெய். அந்த எண்ணெய் ஒரு கரண்டியிலேயே 13 கிராம் வந்துவிடும். காய்களும் வாய்க்கு ருசிக்கும். ஒரு வேளையாவது கிழங்கை விட்டுச் சோறு சாப்பிடுங்கள். கடைகளில் கிடைக்கும் சின்ன உடனடிச் சோற்றுக் கிண்ணம் 130 கிராம், ஏறத்தாழ 190 கலோரி. அளக்கும் தொல்லையும் இல்லை.

கொரியாவில் படிக்கும், வேலை பார்க்கும் நம்மவர்களில் கறி சாப்பிடாதவர்கள் புரதம் கிடைக்காது என்று முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள். 60 கிலோவுக்கு 108 கிராம் இலக்கு என்றால்: 300 கிராம் டோஃபு கட்டி ஒன்று 25 கிராம், முட்டை மூன்று 18, வே புரதப் பொடி இரண்டு கரண்டி 50, சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் ஒரு பெட்டி 7 அல்லது 8, கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் 10. கணக்கு முடிந்தது. முட்டையும் ஆகாதென்றால் டோஃபுவை இன்னும் பாதிக் கட்டி கூட்டி, தயிரை இரண்டு கிண்ணம் ஆக்கிக்கொள்ளலாம். கிம்ச்சி சைவம் என்று நம்பிச் சாப்பிட வேண்டாம்; பெரும்பாலானவற்றில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். பொட்டலத்தில் பொருள் பட்டியலைப் பாருங்கள்.

தசை கரையாமல் காப்பது புரதம் மட்டுமல்ல, தூக்கும் எடையும்தான். டயட்டில் எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினால் கோடுகள் வரும் என்று இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது தவறு. 40 கிலோ ஸ்குவாட்டை (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 8 முறை, 3 சுற்று செய்துகொண்டிருந்தவர் கடைசி வாரம் வரை அதே 40-ஐப் பிடித்து வைக்கப் பார்க்க வேண்டும். வேண்டுமானால் சுற்றை இரண்டாகக் குறைக்கலாம். 40 என்பது 35 ஆகி 30 ஆகிறதென்றால் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. கண்ணாடியை விட நம்பகமான அடையாளம் இது. ஆண்களிடம் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்த்து 500 கிலோ என்ற பந்தயம் வேறு உண்டு. அதற்காக ஒரே ஒரு முறை தூக்கிப் பார்க்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள் ஏராளம். ஐந்து முறை தூக்கும் எடையை 1.17-ஆல் பெருக்கினாலே உங்கள் உச்சம் தோராயமாகத் தெரிந்துவிடும்.

இப்போது இன்பாடி. 1996-இல் கொரியாவில் தொடங்கிய நிறுவனத்தின் கருவி. ஜிம், அரசு சுகாதார நிலையம், மருத்துவமனை எங்கும் நிற்கிறது. கையிலும் காலிலும் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அது சந்திக்கும் தடையிலிருந்து உடம்பு நீரைக் கணித்து, அதிலிருந்து தசையையும் கொழுப்பையும் கணக்கிடுகிறது. அது தொடுவது நீரைத்தான், தசையை அல்ல. எனவே நீர் நிலை மாறினால் தசை மாறியதாகக் காட்டும். சோறு அதிகம் சாப்பிட்ட மறுநாள் தசை அரைக் கிலோ கூடியிருக்கும். நீராவிக் குளியலில் வியர்த்துவிட்டு வந்தால் எண் வேறாக இருக்கும். சேர்ந்த அன்று மாலை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை, நான்கு வாரம் கழித்துக் காலை வெறும் வயிற்றில் ஒரு முறை அளந்து இரண்டு தாளையும் அருகருகே வைத்துக் காட்டும் பயிற்சியாளரிடம் அடுத்த தொகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அளக்கும் முறை இது: அதே கருவி, அதே நேரம், உடற்பயிற்சிக்கு முன், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆன பிறகு. கழிவறை போய்விட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஏறுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வறண்டிருந்தால் ஈரத் துடைப்பானால் துடைத்துக்கொள்ளுங்கள். கை உடம்பில் ஒட்டாமல் விரித்திருக்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்து, நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். இரண்டு தாளை ஒப்பிடாமல் மூன்று தாள்களின் போக்கைப் பாருங்கள். தாளில் எடை, தசை, கொழுப்பு மூன்று பட்டைகளின் நுனியை இணைத்தால் தசை உள்ளே போய் ஆங்கில 'சி' (C) போலவோ, நேராக 'ஐ' (I) போலவோ, தசை வெளியே வந்து 'டி' (D) போலவோ இருக்கும். 'சி' என்றால் பயம் காட்டிப் பணம் வாங்குவார்கள். புதிதாகத் தொடங்கும் பலருக்கு 'சி'தான் வரும், அது நோயல்ல. இயல்புக் கொழுப்பு என்று அந்தத் தாளே சொல்வது ஆண்களுக்கு 10 முதல் 20 சதவீதம், பெண்களுக்கு 18 முதல் 28. பாடி ப்ரொஃபைல் இலக்கு அந்த எல்லையின் விளிம்பில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சித் தொகுப்பு வாங்கும்போது 30 வகுப்பாக எடுத்தால் மலிவு என்பார்கள். முதலில் 10 போதும். ஒப்பந்தத்தில் ஒரு வகுப்பின் விலை எழுதியிருக்கிறதா பாருங்கள். பாதியில் நிறுத்தினால், சலுகை விலையில் விற்றதை முழு விலையில் கழித்துக்கொண்டு ஒன்றும் திரும்ப வராது என்று சொல்வதுதான் வழக்கமான தகராறு. தொகை 2 லட்சம் வோனுக்குக் குறையாமலும் தவணை மூன்று மாதத்துக்குக் குறையாமலும் இருக்கும்படி கடன் அட்டையில் கட்டினால், ஜிம் திடீரென்று மூடப்பட்டாலும் மீதித் தவணையைக் கட்ட மறுக்கும் உரிமை சட்டப்படி உண்டு. ரொக்கமாகக் கட்டினால் தள்ளுபடி என்பதற்கு மயங்கினால் அந்த உரிமை போயிற்று.

கடைசி வாரத்தில்தான் பெரிய ஆபத்து. மேடைப் போட்டியாளர்களிடமிருந்து இறங்கி வந்த வழக்கம் இது: முதலில் தினமும் நாலைந்து லிட்டர் தண்ணீர், உப்பே இல்லை, மாவுச்சத்தும் இல்லை, கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு மாவுச்சத்தை ஏற்றுவது. உப்பில்லாமல் தண்ணீர் மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலை சுற்றும், குமட்டும், மோசமானால் வலிப்பு வரை போகும். அடுத்து தண்ணீரை நிறுத்தினால் தசையும் சப்பையாகிவிடும். மாவுச்சத்தைத் தசை கிளைகோஜனாகத்தான் சேமிக்கிறது, ஒரு கிராம் கிளைகோஜன் சேர மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் தராமல் சோறு மட்டும் ஏற்றினால் எங்கே போய்ச் சேரும்? வயிறு உப்புவதுதான் மிச்சம்.

தண்ணீரும் உப்பும் வழக்கம் போலவே இருக்கட்டும். கடைசி இரண்டு நாள் முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, பயறு போன்ற வாயுப் பொருள்களை விட்டுவிட்டு, சோற்றைக் கிலோவுக்கு 4 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்கு ஏற்றினால் போதும். 55 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 220 கிராம். படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அரிசிக் கேக்கும் தேனும், ஒரு சிட்டிகை உப்பும், அரை டம்ளர் தண்ணீரும்.

ஸ்டுடியோவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த அவஸ்தையில் பாதி தேவையில்லை என்று புரியும். பின்னணி கறுப்போ அடர்சாம்பலோ. முன்னால் விளக்கு கிடையாது. தலைக்கு மேலே சற்றுப் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, அதன் ஒளி வயிற்றின் மேல் வழுக்கி இறங்கும். மேடு வெளிச்சமாகவும் பள்ளம் நிழலாகவும் பிரியும். அந்த நிழல்தான் நாம் பார்க்கும் கோடு. தோலில் டேனிங் நிறம், மேலே எண்ணெய், நீர்த் தெளிப்பு. மூலையில் ரப்பர் பட்டையும் இரண்டு டம்பெல்லும் இருக்கும். இருபது நிமிடம் தோளையும் முதுகையும் இழுத்து ரத்தம் ஏறியதும் சூடு ஆறுவதற்குள் நிறுத்திவைப்பார்கள். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, இடுப்பை லேசாகத் திருகி, வயிற்றை இறுக்கி இரண்டு விநாடி. கேமரா இடுப்பு உயரத்துக்குக் கீழே இருப்பதால் கால் நீளும். நூற்றுக்கணக்கான படங்களில் சிலதான் தேர்வாகும். அவற்றிலும் இடுப்பு, தோள், முழங்கை மடிப்பு எல்லாம் கணினியில் சரி செய்யப்படும். 22 சதவீதத்தில் இருப்பவரையும் இந்த விளக்குக்குக் கீழே நிறுத்தினால் கோடு தெரியும். முன்பதிவு செய்யும்போதே தோல், தழும்பு தவிர உடல் வடிவத்தைத் திருத்த வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். திருத்திய இடுப்போடு நாளைக்குக் குளியலறைக் கண்ணாடியில் போட்டியிட வேண்டியது நீங்கள்தான்.

அன்றாட உடற்பயிற்சியை முடித்த கையோடு "ஓ-உன்-வான்" (இன்றைய உடற்பயிற்சி முடிந்தது) என்று ஹேஷ்டேக் போட்டுக் கண்ணாடிப் படம் போடும் வழக்கத்தில் நல்லதும் இருக்கிறது. தினமும் போய்வந்த கணக்கு நிற்கிறது, நண்பர்கள் கேட்கிறார்கள். படத்துக்குப் பதில் அன்று தூக்கிய எடை, எண்ணிக்கை, ஓடிய தூரம் இவற்றைப் போடுங்கள். உடம்புப் படம் இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதே இடம், அதே வெளிச்சம், உங்கள் கைபேசிக்குள் மட்டும்.

இனி, பெரும்பாலான வழிகாட்டிகள் நிறுத்திவிடும் இடம்: படம் எடுத்த மறுநாள். முதல் வாரத்திலேயே எடை இரண்டிலிருந்து நான்கு கிலோ ஏறும். கிளைகோஜன், அதோடு சேரும் நீர், குடலில் உள்ள உணவு, உப்பு இவற்றின் எடை அது. கொழுப்பாக மூன்று கிலோ சேர 23,000 கலோரி மிகையாகச் சாப்பிட வேண்டும். இது தெரியாமல் பதறி மறுபடி பட்டினி, மறுபடி கட்டுக்கடங்காத தீனி என்று சுற்றத் தொடங்குகிறார்கள். வாரத்துக்கு 50 கலோரியாக மெல்ல ஏற்றும் முறையும் பிரபலம். பல மாதம் பசித்திருந்த உடம்புக்கு அது பசியை நீட்டிப்பதே தவிர வேறில்லை. ஒரே வாரத்துக்குள் முழுச் சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள், மேலே கணக்குப் போட்ட பெண் என்றால் 1,850 கலோரி. மூன்று வேளைச் சோறு, இரவு 9 மணிக்கு ஒரு தம்ளர் பாலோ சோயாப் பாலோ. எடை பார்க்கும் கருவியை முதல் இரண்டு வாரம் பரணில் வையுங்கள். ஜிம்முக்கு மட்டும் வழக்கம் போலப் போங்கள். சாப்பாடு ஏறும் இந்த வாரங்களில் ஸ்குவாட் எடையும் ஏறும், அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், எலும்பில் ஓரிடத்தில் அழுத்தினால் வலித்தால், சாப்பிட்டதை மென்று துப்பவோ வாந்தி எடுக்கவோ தோன்றினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது கடந்த ஆறு மாத எடை, சாப்பிட்ட கலோரி, மாதவிடாய் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "டயட் இருந்தேன்" என்று பொதுவாகச் சொன்னால் கருத்தடை மாத்திரை தந்து ரத்தப்போக்கை வரவழைப்பதோடு நின்றுவிடலாம். அது மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு. சாப்பாடு குறைந்ததால் நின்ற சுழற்சி திரும்பியதற்கு அடையாளம் அல்ல, எலும்புக்கும் போதுமான காப்பல்ல. எண்கள் எழுதிய தாளைக் காட்டினால் சாப்பாட்டைக் கூட்டு, பயிற்சியைக் குறை என்று அங்கிருந்தே சிகிச்சை தொடங்கும்.